இயந்திரம் வாங்கும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்: கோவை குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கோயம்புத்தூரின் புறநகரில், ஆழ்குழாய்க் கிணற்றையே பெரிதும் நம்பியிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். கோடை தொடங்கியதும் நம் சங்கக் கூட்டங்களில் உப்புத்தண்ணீர் பற்றிய முறையீடுகள் எழுகின்றன. அடுத்த கூட்டத்துக்குள் ஒரு விற்பனையாளர் வரவழைக்கப்பட்டு, லட்சக்கணக்கான ரூபாயில் ஓர் இயந்திரம் வாங்கத் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் அளந்து பார்ப்பதில்லை. இம்மடலை எழுதக் காரணம் அதுதான்.

எங்கள் குடியிருப்பிலும் அப்படியே நடந்தது. குழாயின் மேல் காந்தப் பட்டை ஒன்றைப் பொருத்தினால், கால்சிய, மெக்னீசிய உப்புகள் மிகுந்த கடினநீர் அவை குறைந்த மென்னீராகிவிடும் என்று சொல்லப்பட்டதை நம்பி, வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் வசூலித்துப் பொருத்தினோம். இரண்டு மாதம் கழித்து, பட்டைக்கு முன்னிருந்த குழாயிலும் பின்னிருந்த குழாயிலும் தண்ணீர் பிடித்து, சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பழைய பியூரெட்டைத் துடைத்து வைத்துக்கொண்டு நானே அளந்து பார்த்தேன். இரண்டிலும் கடினத்தன்மை, அதாவது அந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 520 மில்லிகிராம். ஒரு சொட்டு வித்தியாசம்கூட இல்லை. அந்த அளவீட்டைப் பணம் கொடுப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். கூட்டத்தில் கையில் காகிதத்துடன் எழுந்து பேசாமல் இருந்துவிட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு நல்ல தண்ணீர் எது, உப்புத்தண்ணீர் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடிக்கவும் சமைக்கவும் சிறுவாணி, புழங்குவதற்கு ஆழ்குழாய்த் தண்ணீர் என்று இரண்டு குழாய்களோடு வளர்ந்தவர்கள் நாம். பாலக்காடு மாவட்டத்து மலைக்காட்டில் பெய்த மழை அணையில் தேங்கி, மண்ணோடும் பாறையோடும் நெடுநாள் உறவாடாமல் நம்மிடம் வந்துசேர்வதால் சிறுவாணி நீர் மென்மையாக இருக்கிறது. ஆழ்குழாய்த் தண்ணீரோ பாறை இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி, அங்குள்ள கால்சிய, மெக்னீசிய உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. மதுக்கரையில் 1930களிலேயே சிமென்ட் ஆலை அமைந்ததற்குக் காரணம் அங்கே கிடைக்கும் சுண்ணாம்புப் பாறை. கிணறு வெட்டியவர்கள் சுக்கான் கல் என்று அலுத்துக்கொள்வதும் அதே கால்சியம் கார்பனேட்டைத்தான். நகரம் விரிய விரிய, சிறுவாணிக் குழாயும் பில்லூர்க் குழாயும் போதிய அளவு எட்டாத இடங்களிலெல்லாம் குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் அனைத்தும் இந்தச் சுண்ணாம்புத் தண்ணீரையே நம்பி நிற்கின்றன.

கடினத்தன்மையை முதலில் காட்டிக்கொடுப்பது சமையலறை. துவரம்பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் குழையாமல் திட்டுத்திட்டாக நிற்கிறதென்றால், பருப்பின் செல்சுவரில் உள்ள பெக்டின் என்ற ஒட்டுப்பொருளைத் தண்ணீரிலிருக்கும் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது என்று பொருள். பருப்பு வேகவைக்க மட்டும் தெருக்கோடிக்குப் போய் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்துவந்த நம் பாட்டிமார்கள் இந்த வேதியியலைப் பெயர் தெரியாமலே கடைப்பிடித்தவர்கள். வடித்த சோறு இலேசாக மஞ்சளிப்பதும், ஆறிய தேநீரின் மேல் கரும்பழுப்பு ஏடு படிவதும், எவர்சில்வர் தம்ளரைத் துடைக்காமல் கவிழ்த்துவைத்தால் வெள்ளை வளையம் விழுவதும் அதே இனத்து அடையாளங்கள்தாம். குளியலறையில் சோப்பு நுரைப்பதற்குப் பதிலாகத் தயிர்போலத் திரிந்து வாளியின் விளிம்பில் ஒட்டுகிறது. ஷவரின் துளைகளில் பாதி அடைத்துக்கொள்ள, மீதித் துளைகள் சுவரைப் பார்த்துப் பீய்ச்சுகின்றன.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக் கெய்சரைப் பழுதுபார்க்க வந்தவர் அதன் காயிலைக் கழற்றி ஒரு பழைய செய்தித்தாளின் மேல் வைத்தார். செம்புக் கம்பி என்று சொல்ல அதில் அடையாளமே இல்லை; கட்டைவிரல் தடிமனுக்கு, அழுக்கு வெண்மையில், அடுக்கடுக்காகக் கல் படர்ந்திருந்தது. திருப்புளியின் பிடியால் அவர் தட்டியதும் தடித்த முட்டையோடு போலச் சில்லுசில்லாக உதிர்ந்தது. ஒரு சில்லை எடுத்து அதன் மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தேன், சீறிக்கொண்டு நுரைத்தது. கார்பனேட் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வீட்டில் கிடைக்காது. சர்க்கரை போன்ற பொருள்கள் சூட்டில் அதிகம் கரையும். கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏற ஏறக் கரையும் திறன் குறைந்து, எங்கே வெப்பம் அதிகமோ அங்கேயே போய்ப் படிகிறது. படிந்த கல் வெப்பத்தை நீருக்கு எளிதில் கடத்தாததால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகிறது. கம்பி உள்ளுக்குள்ளேயே காய்ந்து எரிந்தும் போகிறது.

இந்த அடையாளங்களைப் பார்த்தபின் ஐயம் இருப்பவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். ஒளி ஊடுருவும் இரண்டு பாட்டில்களில் சம அளவு தண்ணீர், ஒன்றில் சிறுவாணி, மற்றொன்றில் ஆழ்குழாய், எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுப் பத்து முறை குலுக்குங்கள். ஒன்றில் நுரை கழுத்துவரை ஏறி நிற்கும். மற்றொன்றில் தண்ணீர் கலங்கி, மேலே சாம்பல் நிற ஆடை மட்டும் மிதக்கும். டிடர்ஜென்ட் தூளையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அவை கடினநீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை.

விற்பனையாளர்கள் கையில் கொண்டுவரும் டி.டி.எஸ். மீட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது தண்ணீரின் மின்கடத்தும் திறனை வைத்துக் கரைந்துள்ள உப்புகள் அனைத்தையும் சேர்த்து மதிப்பிடும் கருவி. அந்த உப்பு சமையலுப்பா, சுண்ணாம்பா என்று அதற்குத் தெரியாது. கடினத்தன்மையை நீக்கும் இயந்திரமான மென்னீராக்கியைக் கடந்து வந்த நீரிலும் டி.டி.எஸ். ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். அதைவிட மோசமானது, தண்ணீருக்குள் இரண்டு இரும்புத் தண்டுகளை நுழைத்து மின்சாரம் பாய்ச்சிக் காட்டும் வேடிக்கை. நம் வீட்டுத் தண்ணீர் நொடிப்பொழுதில் சேறாகிறது, ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கிறது, பார்ப்பவர்கள் பதறிப்போகிறார்கள். அந்தச் சேறு பெரும்பாலும் தண்டிலிருந்து கரைந்த இரும்பு. உப்புள்ள நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது, உப்பில்லாத நீர் கடத்துவதில்லை என்பதைத் தவிர அந்தக் காட்சி வேறெதையும் மெய்ப்பிக்கவில்லை. இதைச் செய்து காட்டுகிறவர்களைச் சங்க அலுவலகத்துக்குள் அனுமதிக்காதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

அளப்பதற்கு நம்பகமான வழி ஆய்வகம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர் ஆய்வகங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. தனியார் ஆய்வகங்களும் இருக்கின்றன. மோட்டாரைப் பத்து நிமிடமாவது ஓடவிட்டு, தொட்டியிலிருந்து எடுக்காமல் குழாய்க் கிணற்றிலிருந்து நேரே வரும் நீரைப் பிடியுங்கள். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டு, கழுத்துவரை நிரப்பி மூடி, அன்றே கொடுத்துவிடுங்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது உப்பின் அளவும் மாறுவதால், ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒரு முறையும் பங்குனியில் ஒரு முறையும் எடுத்தால்தான் முழு நிலவரம் தெரியும். ஒன்றுக்கு மேற்பட்ட கிணறுகள் இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். லாரித் தண்ணீர் வாங்குகிற குடியிருப்புகள் அதையும் விட்டுவிடக் கூடாது.

வந்த அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை என்ற வரியை முதலில் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 10500 (2012), கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. அடுத்து காரத்தன்மை என்ற வரி. மொத்தக் கடினத்தன்மை 500, காரத்தன்மை 300 என்றிருந்தால், அந்த 300 பைகார்பனேட்டால் வந்த தற்காலிகக் கடினத்தன்மை. அதுதான் கொதிக்கும்போது கல்லாகப் படிகிறது, தண்ணீரைக் காய்ச்சித் தெளியவைத்தால் பெரும்பகுதி நீங்கவும் செய்கிறது. மீதி 200, சல்பேட், குளோரைடு உப்புகளால் வந்த நிரந்தரக் கடினத்தன்மை, காய்ச்சினால் போகாது. இரும்பின் அளவையும் பார்த்தே தீர வேண்டும், ஏனெனில் மென்னீராக்கியினுள் கடினத்தன்மையைப் பிடிக்கும் ரெசின் மணிகளை இரும்பு மூடிப் பாழாக்கிவிடும். இரும்பு அதிகமென்றால் அதற்கு முன்னால் தனி வடிகட்டி தேவை. ஃபுளோரைடும் நைட்ரேட்டும் குடிப்பதற்கு ஆபத்தானவை. இவற்றை மென்னீராக்கி நீக்காது. அறிக்கையில் இவை வரம்பு மீறியிருந்தால், பேச வேண்டியது கடினநீரைப் பற்றி அல்ல, குடிநீரைப் பற்றி.

கடினநீர் உடம்புக்கு நஞ்சு என்று சொல்லி அச்சுறுத்துவதை நான் ஏற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வகுக்கவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் உடலுக்கு வேண்டிய சத்துகளே. குழந்தைகளின் தோல் அழற்சிக்கு மென்னீராக்கி மருந்தாகும் என்ற நம்பிக்கையை இங்கிலாந்தில் 336 குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் இல்லை என்றே முடிந்தது. தலைமுடி சொரசொரப்பாவதும், தோல் வறள்வதுபோல் இருப்பதும் உண்மையான தொல்லைகள். கெய்சரும் துணியும் பாழாவது உண்மையான செலவு. மென்னீராக்கி வாங்க இக்காரணங்களே போதும். கூட்டத்தில் நோயைக் காட்டி வாக்கு வாங்க வேண்டாம்.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். கடினத்தன்மையை உண்மையாகவே நீக்குவது அயனிப் பரிமாற்ற மென்னீராக்கி. அதிலுள்ள ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைத் தண்ணீருக்குள் விடுகின்றன. மணிகள் நிறைந்ததும், அடர்ந்த உப்புக்கரைசலை ஊற்றிக் கழுவி அவற்றை மீண்டும் தயார்செய்ய வேண்டும். நூறு லிட்டர் ரெசினில் ஒவ்வொரு லிட்டர் ரெசினும் ஏறத்தாழ 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று கொண்டால், 500 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள நீரில் 10,000 லிட்டர் கடந்ததும் அதைக் கழுவியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் சுமார் 15 கிலோ உப்பு தேவைப்படும். கழுவும் பொறுப்பைக் காவலாளியிடம் வாய்மொழியாக ஒப்படைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து, இயந்திரம் வேலை செய்யவில்லை என்று குறைகூறும் குடியிருப்புகளை அறிவேன். ஒரு பதிவேடும், வாரம் ஒரு முறை இயந்திரத்தைக் கடந்த நீரில் சோப்புச் சோதனையும் இருந்தால் அந்தக் குறை எழாது. உப்பளத்திலிருந்து வரும் கழுவாத கல்லுப்பிலேயே கால்சியமும் மெக்னீசியமும் மண்ணும் இருப்பதால், தூய்மை செய்யப்பட்ட உப்பையே வாங்குங்கள்.

விலைப்புள்ளியில் ஒருபோதும் எழுதப்படாத கணக்கு ஒன்று உண்டு. நாலு பேர் வசிக்கும் ஐம்பது வீடுகள், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் 27,000 லிட்டர். அத்தனையையும் 500 மில்லிகிராமிலிருந்து முற்றிலும் மென்மையாக்க நாளுக்கு ஏறத்தாழ 40 கிலோ உப்பு, ஆண்டுக்கு ஏறத்தாழ 15 டன், அதாவது ஐம்பது கிலோ மூட்டை முந்நூறு வேண்டும். அந்த உப்பு எங்கும் மறைந்துபோவதில்லை. அதன் சோடியத்தில் ஒரு பகுதி நம் குழாய்களில் வருகிறது. மற்றது சுண்ணாம்போடு சேர்ந்து கழிவுக்கரைசலாக வெளியேறுகிறது. அந்தக் கழிவுக் குழாயை மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் திருப்பிவிட்டிருக்கும் ஒரு குடியிருப்பை நானே நேரில் பார்த்தேன். அருகில் இருந்த வடிகால் அதுதான் என்று பொருத்தியவர்கள் சொன்னார்களாம். 2003இல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு நிலத்தடி நீரை இனிமையாக்குவதற்காக. அந்தக் குழி வழியாகவே உப்பை இறக்கினால், நாம் மென்மையாக்க முயலும் கிணறே ஆண்டுதோறும் மேலும் உப்பாகும். நொய்யலில் சாயக்கழிவோடு கலந்த உப்பு ஒரத்துப்பாளையம் அணைவரை சென்று தேங்கியதையும், 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னதையும் கண்ட மாவட்டங்களில் இருக்கிறோம் நாம். வீடுகளின் உப்பு அவ்வளவு பெரியதல்ல என்பது சரி. ஆனாலும் அது நம் கிணற்றுக்கு மிக அருகிலேயே இறங்குகிறது. ஆகவே கழிவுக்கரைசல் எந்த வழியாக எங்கே போகும் என்பது விலைப்புள்ளியிலேயே எழுதப்பட வேண்டும். அது மழைநீர்க் குழிக்கும் தோட்டத்துக்கும் போகவே கூடாது.

உப்பைக் குறைக்க எளிய வழிகள் இருக்கின்றன. கழிப்பறை நீருக்கு மென்மை தேவையில்லை. ஆளுக்கு 135 லிட்டரில் ஏறத்தாழ 45 லிட்டர் அதற்கே போகிறது. அந்தக் குழாய்த்தடம் தனியாக உள்ள கட்டடங்களில் அதை மென்னீராக்கியைத் தாண்டி நேரே இணைத்தால், 40 கிலோ 27 ஆகிவிடும். குளிக்கவும் துவைக்கவும் பூஜ்யம் கடினத்தன்மை வேண்டியதில்லை. முக்கால் பங்கு மென்னீரோடு, மென்மையாக்காத கிணற்று நீரான மூலநீரைக் கால் பங்கு கலந்தால் 500 என்பது 125 ஆகும், சோப்பு நன்றாக நுரைக்கும், உப்பு 20 கிலோவாகக் குறையும். முழு மென்னீரில் குளித்தவர்கள் சோப்பு போகவே இல்லை என்று சொல்லும் அந்த வழுவழுப்பும் இதனால் தணியும். விற்பனையாளர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். கலப்பு வால்வு வேண்டும் என்று நீங்கள் கேளுங்கள்.

சமையலறைக்குக் குடிப்பதற்கென வரும் குழாயை மென்னீராக்கியோடு இணைக்காதீர்கள். நீக்கப்படும் ஒவ்வொரு மில்லிகிராம் கடினத்தன்மைக்கும் 0.46 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. 500 மில்லிகிராமையும் நீக்கிய நீரில் லிட்டருக்கு 230 மில்லிகிராம். இரண்டு லிட்டர் குடித்தால் 460 மில்லிகிராம். நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் சோடியம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ள முதியவர்கள் எல்லாக் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் குடிக்கும் தண்ணீரில் உப்பைக் கூட்ட நமக்கு உரிமையில்லை. மூலநீர் குடிக்க முடியாத அளவுக்கு உப்பாக இருந்தால் அந்த ஒரு குழாய்க்கு மட்டும் ஆர்.ஓ. வைத்துக்கொண்டு, அது வெளியேற்றும் நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். கறிவேப்பிலைக்கும் ரோஜாத் தொட்டிக்கும் மென்னீர் ஊற்றினால் சோடியம் மண்ணை இறுக்கி வேரைத் திணறவைக்கும். தோட்டத்துக்குச் சுண்ணாம்புத் தண்ணீரே மேல்.

ஒரு மாடியின் பரப்பு 100 சதுர மீட்டர், ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும், ஐந்தில் ஒரு பங்கு வீணானபின் 48,000 லிட்டர் கிடைக்கும். அந்த நீரில் கடினத்தன்மை ஏறக்குறைய இல்லை. முதல் மழையை வெளியேற்றிவிட்டு, மீதியை வடிகட்டி ஒரு மூடிய தொட்டியில் சேர்த்தால், பருப்பு வேகவைக்கவும் கெய்சருக்கும் அதைவிட நல்ல நீர் வேறில்லை. நிரம்பி வழிவது குழிக்குப் போகட்டும்.

தனி வீட்டார் இயந்திரம் இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். கெய்சரின் வெப்பநிலையைக் குறைத்து வைத்தாலே கல் படிவது குறையும். ஷவர் தலையைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஓரிரவு ஊறவைத்தால் துளைகள் திறந்துகொள்ளும். துவைக்கும் நீரில் சலவைச் சோடாவை முதலில் கரைத்துக் கொஞ்சநேரம் விட்டால் சோப்பு மிச்சமாகும். குளியலறைக் கறைக்கு அமிலம் ஊற்றுகிறவர்கள் அதோடு பிளீச்சிங் பவுடரை எந்த நிலையிலும் கலக்காதீர்கள். மூடிய அறையில் குளோரின் வாயு உயிரைப் பறிக்கும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு முன்பாக, கிணற்று நீரின் மொத்தக் கடினத்தன்மை, காரத்தன்மை, இரும்பு ஆகிய மூன்று எண்களையும் சோதித்த தேதியோடு மின்தூக்கியின் அருகிலுள்ள பலகையில் ஒட்டுங்கள். அந்தத் தாளைப் பத்து நாளாவது எல்லாரும் படிக்கட்டும். விலைப்புள்ளி கேட்பதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை,
கோயம்புத்தூர்